இலையில் விழுந்த சொற்கள்

மேலப்பூவனியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்: கோயிலில் சாமி பேச்சு தொடங்குவதற்கு முன்பே இலை போட்டுவிடுவோம். பேச்சு முடிந்த பிறகு சாப்பாடு என்று வைத்திருந்த காலத்தில், சனங்கள் பேச்சு எப்போது முடியும் என்று ஆள்விட்டு விசாரித்துக்கொண்டு, சரியாக அந்த நேரத்துக்குக் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார்கள் என்பதாலும், வந்து நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இடம் பிடித்ததில் பந்தல் காலே ஒரு வருஷம் ஆடிப்போனது என்பதாலும், கமிட்டித் தலைவர் இரத்தினசபாபதி ஒரு யோசனை பண்ணினார். முதலிலேயே பாய் விரித்து, இலை போட்டு, ஆளை உட்கார வைத்துவிட்டால், எழுந்தால் இடம் போய்விடுமே என்ற பயத்திலாவது நாலு நல்ல வார்த்தை காதில் விழும் என்பது அவர் கணக்கு. அதனால் ஞானம் என்பது காலி இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம் என்றுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நினைத்து வளர்ந்தன.

அந்தப் புரட்டாசியில் எங்கள் அம்மன் கோயில் பந்தலில் பேச வந்தவர் ஆவுடைநாயகம். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், வெள்ளை ஜிப்பா, நெற்றி நிறைய திருநீறு, கணீரென்ற குரல். அவர் படிக்காத சாத்திரம் இல்லை என்பார்கள். கேட்பவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்து நிற்கும், பதிலுக்கு மேல் ஒரு பாட்டு, பாட்டுக்கு மேல் ஒரு கதை, கதைக்கு அப்புறம் கைதட்டலுக்காகக் கொஞ்சம் இடைவெளி. கெட்ட மனுஷர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தான் கற்றதை நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஊர் ஊராக பஸ் ஏறி இறங்கி, கண்ட தண்ணீரைக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர். கைதட்டல் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான், யாருக்குத்தான் பிடிக்காது.

முதல் நாள் சாயங்காலம் மழையில் விறகு நனைந்து சமையல்காரர் சுடலைமுத்து அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மேடையில் ஆவுடைநாயகம், பசியோடு வந்த சாமிக்குத் தன் பங்குச் சோற்றைக் கொடுத்த ஒரு குயவனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'வந்து நின்றது யார் என்று அவனுக்குத் தெரியாது, பசி மட்டும் தெரிந்தது' என்று அவர் சொன்ன இடத்தில், எங்கள் எல்லோருடைய இலையிலும் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வந்தது. மேலிருந்து விழுந்தது என்று சொல்ல முடியாது, கீழிருந்து முளைத்தது என்றும் சொல்ல முடியாது, சொல் காதில் விழுந்தபோது பொங்கல் இலையில் இருந்தது, நெய் மினுங்க, முந்திரிப் பருப்போடு, தொட்டால் கை சுடுகிற சூட்டில். நாங்கள் சாப்பிட்டோம். வேறென்ன செய்வது, இலைக்கு வந்ததை வேண்டாம் என்று தள்ளுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. மூன்றாம் வரிசையில் ஒருவர் ஏலக்காய் குறைவு என்றுகூடச் சொன்னார். புகையில் கண் சிவந்து வெளியே வந்த சுடலைமுத்துதான் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

"அப்ப நான் எதுக்குவே அங்க கெடந்து பொகையத் தின்னுட்டு இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, அவரும் ஒரு இலையை எடுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஒன்றிரண்டு நாளிலேயே எந்தப் பேச்சுக்கு எது வரும் என்பது ஊருக்குப் பழகிவிட்டது. சாமிகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளும் கதைகளுக்கு மெதுவடை வரும், பக்தர்கள் உருகும் கதைகளுக்கு இனிப்பு வரும், நீ வேறு அது வேறு இல்லை என்கிற பெரிய தத்துவத்துக்கு வெறும் தயிர்சாதம்தான், ஆனால் அப்படி ஒரு தயிர்சாதத்தை யாரும் அதற்கு முன் சாப்பிட்டதில்லை, பெரியவர்களை மதிக்க வேண்டும் காலையில் எழ வேண்டும் என்று தொடங்கினால் கீரை. சர்க்கரை வியாதிக்காரர்கள் கூடிப் பேசி, பக்தியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு தத்துவத்தைக் கூட்டும்படி தலைவர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். பேச்சுக்கு நடுவே ஒருநாள் ஆவுடைநாயகம் தனக்குச் சிங்கப்பூரில் பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தியதைப் பற்றி மெல்ல நுழைத்தபோது ஊர் முழுக்க இலைகளில் அப்பளம் வந்தது, பெரிய அப்பளம், தொட்டுப் பார்த்தால் நமுத்துப்போயிருந்தது. அவர் மேடையிலிருந்து அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு சிங்கப்பூர் பேச்சை எடுக்கவில்லை, அந்த நல்ல குணம் அவரிடம் இருந்தது.

கடைத்தெருவில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் சாகுல் அமீது பாய், சாயங்கால வியாபாரம் படுத்துப்போனதால் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்தவர், பந்தல் ஓரத்தில் தயங்கி நின்றார். ஆவுடைநாயகம் பேச்சை நிறுத்தி, "பாய், நின்னுக்கிட்டே கேட்டா கால் வலிக்கும், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தவர் இலையிலும் எங்கள் இலையில் வந்ததேதான் வந்தது. சாப்பிட்டு முடித்து, "கை நல்ல கை" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வீட்டிலிருந்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஊரில் முதல் பந்தி யாருக்கு, கடைசிப் பந்தி யாருக்கு என்று ஒரு வரிசை உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் யாரும் மறந்ததும் இல்லை. கீழத்தெருக்காரர்கள் எப்போதும் எல்லோரும் எழுந்த பிறகு வந்து உட்காருவார்கள். பரிமாறுகிறவர்கள் இருக்கிறவரைக்கும் அந்த வரிசை இருந்தது. சொல்லே பரிமாறத் தொடங்கியதும், ஒலிபெருக்கி எங்கெல்லாம் கேட்கிறதோ அங்கெல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவில், ஒரே சூட்டில் சாப்பாடு வந்தது. கமிட்டி கூடி இதை எப்படிச் சரிசெய்வது என்று பேசியது, சொல்லைப் பின்னால் வந்து விழச் சொல்ல யாருக்கும் வழி தெரியவில்லை, அதனால் கீழத்தெருவும் எங்களோடு சேர்ந்தே உட்கார்ந்தது. எனக்கு அது மிகவும் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் செண்பகவடிவைப் பந்தலுக்குக் கூட்டிவந்தார்கள்.

செண்பகவடிவு மேலத்தெருவில் பீடி சுற்றுகிறவள். புருஷன் இல்லை, ஒரே மகள், முத்தரசி என்று பேர், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் வந்த காய்ச்சல் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து செண்பகவடிவு சாப்பாட்டைத் தொடவில்லை. யாராவது வற்புறுத்தினால் நீராகாரம் கொஞ்சம் குடிப்பாள், அதுவும் தொண்டையில் நிற்காது. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் நோய் ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே போனால் ஐப்பசி தாண்டாது என்று சொல்லிவிட்டார். அவளுடைய நாத்தனார் வள்ளிமயில்தான், வேற எந்தச் சோறும் இறங்காவிட்டாலும் சாமி பேச்சிலிருந்து வருகிற சோறு இறங்காதா என்று நம்பி, கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நடு வரிசையில் ஒரு இலைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

அன்றைக்கு ஆவுடைநாயகம் நிலையாமையைப் பற்றிப் பேசினார். எங்கள் இலைகளில் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் வந்தன. செண்பகவடிவின் இலை காலியாக இருந்தது. வள்ளிமயில் அக்கம்பக்கம் பார்த்தாள், பிறகு எழுந்து நின்றாள்.

"அய்யா, எங்க மதினி மக போயிட்டா. பதினஞ்சு வயசுப் பிள்ள. ஒரு எறும்பக்கூட மிதிக்காத பிள்ள. அது என்ன பாவம் செஞ்சுதுன்னு மதினி கேட்டுக்கிட்டே இருக்கா. நீங்கதான் சொல்லணும்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. முற்பிறவியில் விதைத்ததை இப்பிறவியில் அறுக்கிறோம், வந்த கணக்கு முடிந்தால் உயிர் கிளம்பிவிடும், உடம்பு சட்டை, உயிர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறது, போனதற்கு அழுவது அறியாமை. அழகாகத்தான் சொன்னார். எங்கள் இலைகளில் பருப்புச் சாம்பாரும் சோறும் வந்தன, கைதட்டக் கை ஒழியவில்லை. செண்பகவடிவின் இலையில் அரிசி வந்தது. வேகாத அரிசி, ஒரு கை அளவு, வெள்ளை வெளேரென்று.

அவள் இலையை மடித்தாள். கல்யாண வீட்டில் தன் பக்கமாக மடிக்கிற மாதிரி இல்லை, துக்க வீட்டில் மடிக்கிற மாதிரி எதிர்ப்பக்கமாக மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அம்மன் சந்நிதிக்கு முன்னால் யாரும் இலையை அப்படி மடித்ததில்லை.

மறுநாள் வள்ளிமயில் விடாமல் மறுபடியும் கூட்டிவந்தாள். ஆவுடைநாயகமும் விடவில்லை. நேற்றைக்கு ஒரு பாட்டு என்றால் இன்றைக்கு மூன்று பாட்டு, ரிஷிகள் பிள்ளையை இழந்த கதை, ராசாக்கள் பிள்ளையை இழந்த கதை, எல்லாவற்றுக்கும் விளக்கம், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, இலையில் அதிரசம் வந்தது. செண்பகவடிவின் இலையில் அரிசி நேற்றைவிட உயரமாக வந்தது. இரத்தினசபாபதி அரிசி மில் வைத்திருக்கிறவர் இல்லையா, குனிந்து நாலு மணியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"அரிசியக் குத்தம் சொல்ல முடியாது. அசல் சீரகச் சம்பா. ஒரு குருணை கெடயாது, ஒரு கல்லு கெடயாது. ஆனா வேகல" என்றார்.

ஊருக்குள் பேச்சு கிளம்பியது. அந்தப் பொம்பளைக்கு நம்பிக்கை இல்லை, அதுதான் வேகவில்லை என்றார்கள் சிலர். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்துபோகிற இடத்தில் ஒரு இலை மட்டும் இப்படி இருந்தால் நம் பந்தலுக்குக் கெட்ட பேர் என்றார்கள் சிலர். கடைசியில் தலைவர் மேடைப் பக்கம் போய், மெதுவாக, அந்த அம்மாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றார் ஆவுடைநாயகம். "வேகாததுக்கு இலை என்ன செய்யும்? சமைச்சவன்ல பதில் சொல்லணும். அந்த அம்மா நாளைக்கு வரலைன்னா நானும் வரல."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். எத்தனையோ பெரிய பேச்சாளர்கள் எங்கள் ஊருக்கு வந்துபோயிருக்கிறார்கள், தன் சொல் ஒருவருக்கு வயிற்றில் இறங்கவில்லை என்றால் கேட்டவரைக் குறைசொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனவர்கள்தான் அதிகம். இவர் அன்றைக்கு செண்பகவடிவின் இலையிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் பகல் முழுக்க அதில் ஒவ்வொரு மணியாக எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே ஆற்றங்கரையில் நடந்தார் என்று குளிக்கப் போனவர்கள் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் பந்தல் நிரம்பி வழிந்தது. இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. ஆவுடைநாயகம் மேடையில் ஏறினார், மைக்கைப் பார்த்தார், பிறகு மேடையிலிருந்து இறங்கினார். மைக்கை விட்டுவிட்டு வருகிறாரே, அப்புறம் நம் இலைக்கு எப்படி வரும் என்று எங்களுக்கு ஒரு கவலை வந்தது, மறைத்து என்ன பயன். அவர் செருப்பில்லாத காலோடு, இலைகளை மிதிக்காமல், பந்தியில் பரிமாறுகிறவர்கள் நடப்பது போல முதுகை வளைத்து வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து, செண்பகவடிவுக்கு எதிரே பாய் இல்லாத வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"பிள்ள பேரு முத்தரசியாம்மா?" என்று கேட்டார்.

அவள் தலையசைத்தாள்.

"எப்படி இருப்பா?"

அதை இத்தனை நாளில் அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. துக்கம் கேட்க வந்த நாங்கள் எல்லோரும் எப்படிப் போனாள் என்றுதான் கேட்டோமே தவிர எப்படி இருப்பாள் என்று கேட்கவில்லை. செண்பகவடிவு மெதுவாகத் தொடங்கினாள். ரெட்டை ஜடை போட்டால் ஒரு பக்கம் எப்போதும் அவிழ்ந்துவிடும் என்றாள். பீடி சுற்றுகிறபோது பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள், தனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது என்றாள். கோபம் வந்தால் வாசலில் போய் நின்றுகொண்டு தெருவோடு பேசுவாள் என்றாள். அவள் பேசப் பேச ஆவுடைநாயகம் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. இலைகள் எல்லாம் காலியாகக் கிடந்தன, பின் வரிசையில் பசிக்கிறது என்று முனகிய யாரையோ சுடலைமுத்து கையமர்த்தினார். இருட்டத் தொடங்கியது. யாரோ பந்தல் விளக்கைப் போட்டார்கள்.

"காச்சல்ல படுத்திருக்கையில தோசை கேட்டா அய்யா" என்றாள் செண்பகவடிவு. "முறுகலா ஒண்ணே ஒண்ணு போட்டுத் தாம்மான்னு கேட்டா. கஞ்சிதான் குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாவ. மாவு இருந்துச்சு. கல்லும் அடுப்புலதான் இருந்துச்சு. நாந்தான் ஏசிட்டேன், காச்சல்ல என்னட்டி தோசைன்னு. விடியறதுக்குள்ள போயிட்டா. கேட்டதக் குடுக்காம அனுப்பிட்டு நான் எப்படி அய்யா சோத்துல கை வைக்க? இது யாரு செஞ்ச வினை? அவ செஞ்சதா, நான் செஞ்சதா?"

ஆவுடைநாயகம் வாயைத் திறந்தார். பதில் அவரிடம் இருந்தது, அது எங்கள் எல்லோருக்குமே தெரியும், நாக்கு நுனியில் வந்து நின்றதைக் கண்ணாலேயே பார்த்தோம். அவர் அதை விழுங்கினார். அது சுலபமாக இறங்கவில்லை. பிறகு இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் குனிந்தார், அவர் நெற்றித் திருநீறு அவள் இலை ஓரத்தில் உதிர்ந்தது.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "படிச்சதெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன். இதுக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல."

செண்பகவடிவின் இலையில் சோறு வந்தது. குழைய வடித்த சோறு, அதன் மேல் மிளகு ரசம், ஆவி பறக்க, காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களுக்குப் பிசைந்து கொடுப்போமே, அந்தச் சோறு. பந்தலில் வேறு எந்த இலையிலும் எதுவும் வரவில்லை. யாரும் தங்கள் இலையைப் பார்க்கவும் இல்லை, சாகுல் அமீது பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், வள்ளிமயில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அவள் சோற்றைப் பார்த்தாள், கை வைக்கவில்லை. கை வைக்க மாட்டாளோ என்று எங்களுக்கு உயிரே போய்விட்டது. அவள் நிமிர்ந்து எதிரில் இருந்தவரைப் பார்த்தாள். இத்தனை நாளாக ஊருக்கெல்லாம் பேசிப்பேசித் தொண்டை கட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்து, ஜிப்பா தோளில் தொங்குகிற மனுஷர். அவர் பேசினால் எங்கள் இலைகளுக்கு வந்தது, அவரிடம் பேசுவதற்கு யாரும் இல்லை, மேடையில் அவருக்கென்று ஒரு இலை போட வேண்டும் என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"நீங்க சாப்ட்டியளா அய்யா?" என்று கேட்டாள்.

அவள் தன் இலையை நடுவில் கிழித்தாள், சோறு வந்த பாதியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு காலிப் பாதியை அவர் முன்னால் நகர்த்தினாள். நகர்த்தும்போதே அதில் சோறு இருந்தது, அதே குழைந்த சோறு, அதே ரசம், அவள் கேட்ட கேள்வியின் சூட்டில்.

ஆவுடைநாயகம் தலையைக் குனிந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். அவர் மென்று விழுங்குகிறவரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்கிறவர்கள் பார்ப்பது போல.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கும்மா."

"நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, செண்பகவடிவு தன் பாதி இலையைக் கிட்டே இழுத்து, சோற்றைப் பிசைந்தாள்.